'சிஸ்டம் டவுன்' சரி, தப்பு யார் மேல?

எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

இன்னைக்கு எபிசோட் இங்கிலீஷ் சொற்றொடர்களைப் பத்தி. ரெட் டேப், பேட் ஆப்பிள், கேட்ச் 22, மர்ஃபிஸ் லா. ஆபீஸிலும் நியூஸிலும் தினமும் காதில் விழற வார்த்தைகள். இதுக்கெல்லாம் பொதுவா ஒரு விஷயம் இருக்கு. ஒரு அமைப்பு, ஒரு சிஸ்டம், சரியா ஓடாதப்போ நாம கையில் எடுக்கற வார்த்தைகள் இவை.

அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்லணும். எனக்குக் கொஞ்சம் சங்கடமான கதை.

சில வருஷம் முன்னாடி ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். கஸ்டமர்களோட போனுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பறது எங்க டீமோட வேலை. டீமில் புதுசா சேர்ந்த ஒருத்தங்க ப்ரொபேஷனில் இருந்தாங்க. ஒரு நாள் சாயங்காலம், சோதனைக்காக மட்டும் அனுப்ப வேண்டிய மெசேஜை நிஜ கஸ்டமர்கள் எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. ஆயிரக்கணக்கான போன்களில் 'டெஸ்ட் டெஸ்ட் 123'ன்னு போய் நின்னது. யாருக்கும் உயிர் போகலை, பணம் போகலை. ஆனா கம்பெனி மானம் போச்சுன்னு மேலே இருக்கறவங்க குதிச்சாங்க.

நடந்ததுக்கு ரிப்போர்ட் எழுதணும். நான்தான் எழுதினேன். அதில் 'மூல காரணம்'னு ஒரு கட்டம் இருக்கும். ரெண்டே வார்த்தை போட்டேன்: ஹியூமன் எரர். மனுஷத் தப்பு. ஃபைலை மூடியாச்சு. அடுத்த மாசம் அவங்களுக்கு ப்ரொபேஷன் முடிஞ்சது, அதோட வேலையும் முடிஞ்சது.

அந்தக் கட்டத்தில் நான் எழுதாத விஷயம் ஒண்ணு இருக்கு. சோதனை ஸ்கிரீனும் நிஜ ஸ்கிரீனும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரே கலர், ஒரே பட்டன். மேல் மூலையில் ஒரு சின்ன வார்த்தை மட்டும்தான் வித்தியாசம். 'நிஜமாவே அனுப்பட்டுமா?'ன்னு அது கேக்காது. நானே ரெண்டு தடவை அதே தப்பைப் பண்ணப் பார்த்து, கடைசி நொடியில் கையை எடுத்திருக்கேன். ரெண்டு தடவையும் யார்கிட்டயும் சொல்லலை.

அதனால இன்னைக்கு ஒவ்வொரு சொற்றொடரையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேக்கப் போறேன். இந்த வார்த்தை தப்பை எங்கே கொண்டுபோய் வைக்குது? ஆள் மேலயா, அமைப்பு மேலயா, இல்ல யார் மேலயும் இல்லாம அந்தரத்தில் தொங்க விடுதா?

சேர்ந்து நிக்கறது

முதல்ல அந்த 'சிஸ்டம்'. இது கிரேக்க மொழியிலிருந்து வந்த வார்த்தை. 'சேர்ந்து' அப்படிங்கற ஒரு சொல்லும், 'நிக்க வைக்கறது' அப்படிங்கற ஒரு சொல்லும் கலந்தது. பல பாகங்கள் ஒண்ணா சேர்ந்து நிக்கறதுதான் சிஸ்டம். ஒண்ணு சாஞ்சா பக்கத்தில் இருக்கறதும் ஆடும்.

நாம இந்த வார்த்தையை எத்தனை அர்த்தத்தில் வெச்சிருக்கோம் பாருங்க. மேஜை மேல இருக்கற கம்ப்யூட்டர் சிஸ்டம். கவர்ன்மென்ட்டும் சிஸ்டம். இங்கிலீஷில் உடம்பும் சிஸ்டம்தான். ஒரு ஆசையையோ கோபத்தையோ ஒரேடியா தீர்த்துட்டு வான்னு சொல்ல, 'கெட் இட் அவுட் ஆஃப் யுவர் சிஸ்டம்'னு சொல்வாங்க. 2017 மே மாசம் ரஜினிகாந்த் தன் ரசிகர்கள்கிட்ட பேசும்போது சிஸ்டம் கெட்டுப்போச்சுன்னு சொன்னார். அது மீம் ஆயிடுச்சு. இன்னைக்கு வரைக்கும் லிஃப்ட் வேலை செய்யலைன்னாகூட யாராவது அதைச் சொல்லிடுவாங்க.

அந்த வாக்கியத்தை நான் அரசியலுக்காக எடுக்கலை, இலக்கணத்துக்காக எடுக்கறேன். 'கெட்டுப்போச்சு'ங்கறது ஒண்ணு. 'கெடுத்துட்டாங்க'ங்கறது வேற. ஸ்கூலில் தன்வினை, பிறவினைன்னு படிச்சோம் இல்லையா? உடைந்தது, உடைத்தான். கெட்டது, கெடுத்தான். தமிழில் ஒரே ஒரு எழுத்து மாறினா போதும், ஆள் உள்ளே வருவார், இல்ல காணாமப் போவார். சின்ன வயசில் டம்ளரை உடைச்சுட்டு 'அம்மா, டம்ளர் உடைஞ்சிடுச்சு'ன்னு சொன்னோமே, அதுதான் நாம பண்ணின முதல் ரிப்போர்ட்.

யார் மேலயும் இல்லாத தப்பு

இங்கிலீஷிலும் இந்த டம்ளர் டெக்னிக் உண்டு. 'இட் ஃபெல் த்ரூ தி க்ராக்ஸ்'. பலகை போட்ட வீட்டுத் தரையை நினைச்சுக்கோங்க. ரெண்டு பலகைக்கு நடுவில் இடுக்கு. அதுக்குள்ள ஒரு காசு விழுந்தா போச்சு. உங்க விண்ணப்பத்துக்கு ஆறு மாசமா பதில் வரலைன்னா, அவங்க மெயிலில் இந்தச் சொற்றொடர் வரும். கவனிச்சுப் பாருங்க, விழுந்தது விண்ணப்பம். யாரும் கீழே போடலை. தரைக்குப் பலகை அடிச்சவரும் அந்த வாக்கியத்தில் இல்லை, இடுக்கு இருக்குன்னு தெரிஞ்சும் விட்டவரும் இல்லை.

'சிஸ்டம் டவுன்' இதோட தம்பி. கவுன்ட்டரில் அரை மணி நேரம் நின்னு நம்ம முறை வந்ததும் இதைக் கேக்கறோம். நமக்கு எதிரில் உக்காந்திருக்கறவரைத் திட்டவும் முடியாது, ஏன்னா அவர் உண்மையைத்தான் சொல்றார். யாரைத் திட்டணும்னும் தெரியாது. மழை பெஞ்ச மாதிரி அது ஒரு இயற்கைச் சம்பவம் ஆயிடுது.

அடுத்தது 'ரெட் டேப்'. இதை நாம அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து 'சிவப்பு நாடா'ன்னு பேப்பரில் எழுதறோம். நிஜமாவே அது நாடாதான். இங்கிலாந்தில் சட்ட ஆவணங்களையும் அரசு ஆவணங்களையும் சிவப்பு நிறத் துணி நாடாவால் கட்டி வைக்கற வழக்கம் இருந்தது. காகிதங்கள் சிதறாம, கலந்து போகாம இருக்க ஒரு நல்ல ஏற்பாடு. வெள்ளைக்காரன் ஆட்சியோட அந்த நாடா கட்டு நம்ம ஊர் ஆபீஸ்களுக்கும் வந்தது. காலப்போக்கில், காகிதத்தைக் காப்பாத்த வந்த நாடாவே காகிதத்தை நகர விடாத நாடாவுக்குப் பேரா ஆயிடுச்சு.

19ஆம் நூற்றாண்டில் இந்த வார்த்தை இங்கிலாந்தில் வசையா பிரபலம் ஆச்சு. சார்லஸ் டிக்கன்ஸ் 1855 முதல் 1857 வரை தொடரா எழுதின 'லிட்டில் டோரிட்' நாவலில் ஒரு கற்பனை அரசு அலுவலகம் வரும். சுத்தி வளைச்சுப் பேசற அலுவலகம்னு அதுக்குப் பேர். எந்த வேலையையும் எப்படிச் செய்யாம இருக்கலாம்ங்கறதுதான் அங்கே இருக்கறவங்க கத்துக்கிட்ட கலை. அவர் அதை எழுதின காலத்தில் கிரைமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு உடையும் மருந்தும் போய்ச் சேராம நிர்வாகம் சொதப்பினது இங்கிலாந்தையே கொதிக்க வெச்சிருந்தது. அதாவது டிக்கன்ஸ் கிண்டல் பண்ணினது வெறும் சோம்பேறித்தனத்தை இல்லை. நாடா இறுகினா எங்கேயோ ஒருத்தர் சாகறார்.

'ரெட் டேப்'னு சொல்றப்போ நாம ஒரு அமைப்பைத் திட்டறோம், அது சரிதான். ஆனா எந்த முடிச்சு, யார் போட்டது, எதுக்காகப் போட்டதுன்னு கேக்காம மொத்த நாடாவையும் திட்டினா, அதுவும் ஒருவிதத்தில் டம்ளர் உடைஞ்சிடுச்சு கதைதான்.

ஒரு அழுகின ஆப்பிள்

இப்போ எதிர்ப்பக்கம். தப்பை நேரா ஆள் மேல கொண்டுபோய் வைக்கற வார்த்தைகள்.

ஒரு துறையில் ஊழல் வெளியே வருது. உடனே மேலிடத்திலிருந்து ஒரு அறிக்கை: சில பேட் ஆப்பிள்கள் இருக்கலாம், ஆனா துறை நல்ல துறை. அழுகினது ஒண்ணு ரெண்டு பழம்தான், கூடை நல்லா இருக்குன்னு அர்த்தம்.

ஆனா பழைய பழமொழி சொல்றது இதுக்கு நேர் எதிர். ஒரு அழுகின ஆப்பிள் மொத்தப் பீப்பாயையும் கெடுத்துடும், இதுதான் பழமொழி. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதின ஆங்கிலக் கவிஞர் சாஸரிடமே இந்தக் கருத்து வருது: அழுகின பழத்தை மத்ததோட விட்டு வைக்காதே. இதில் விஞ்ஞானமும் இருக்கு. பழுத்த ஆப்பிள் எத்திலீன்ங்கற வாயுவை வெளியே விடும். அது பக்கத்தில் இருக்கற பழங்களையும் வேகமாப் பழுக்க வைக்கும். வாழைப்பழத்தோட மத்த காயை ஒரே பையில் கட்டி வெச்சா சீக்கிரம் கனியும்னு நம்ம வீட்டில் சொல்வாங்க இல்லையா, அதே சங்கதி. அழுகினதில் பூஞ்சை வந்துட்டா அதுவும் பரவும்.

ஆக, 'ஒண்ணைப் பார்த்தா மொத்தக் கூடையையும் கொட்டிப் பாரு'ன்னு எச்சரிக்கை பண்ணின பழமொழி, 'ஒண்ணுதானே, கூடையைத் தொடாதே'ன்னு மாறிடுச்சு. வார்த்தை அதேதான். தப்பு இருக்கற இடம் மட்டும் மாறிப்போச்சு. இப்படி மாறினதால யாருக்கு லாபம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

'பாஸிங் தி பக்'. பொறுப்பைத் தள்ளி விடறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. போக்கர் ஆட்டத்தில் அடுத்து சீட்டுப் போடறது யார் முறைன்னு காட்ட ஒரு பொருளை முன்னாடி வைப்பாங்க. மான் கொம்புப் பிடி போட்ட கத்தியை வெச்சதால 'பக்'னு பேர் வந்ததுன்னு பலரும் சொல்ற விளக்கம். சீட்டுப் போட விருப்பமில்லாதவர் அதைப் பக்கத்து ஆள்கிட்ட தள்ளிடலாம். அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் மேஜையில் 1945இலிருந்து ஒரு பலகை இருந்தது. 'தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்'. தள்ளறது இந்த மேஜையோட முடிஞ்சுடும்னு அர்த்தம். ஓக்லஹோமாவில் இருந்த ஒரு சீர்திருத்தச் சிறையில் செஞ்ச பலகை அது.

இந்த ரெண்டும் ஆளைக் கைகாட்டற வார்த்தைகள்தான். ஆனா திசையைப் பாருங்க. பேட் ஆப்பிள் எப்பவும் கீழே இருக்கறவரைக் காட்டும். ட்ரூமன் பலகை மேலே இருக்கறவரைக் காட்டும். ஆபீஸில் நாம அதிகமா எதைக் கேக்கறோம்?

பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம்

சில சமயம் சிஸ்டமே உங்களைச் சுத்தி வேலி போட்டுட்டு, 'வெளியே வர்றதுக்கு நீதான் முயற்சி பண்ணலை'ன்னு சொல்லும். அதுக்கு இங்கிலீஷில் 'கேட்ச் 22'.

இது 1961இல் ஜோசப் ஹெல்லர் எழுதின நாவலோட பேர். ஹெல்லர் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். நாவலிலும் அதே போர், அதே மாதிரி விமானப்படை. விதி இதுதான்: மனநிலை சரியில்லாதவரைப் பறக்க அனுப்பக் கூடாது. ஆனா அவரே வந்து கேட்டாத்தான் விலக்கு. உயிருக்குப் பயந்து 'என்னை அனுப்பாதீங்க'ன்னு கேட்டா, புத்தி தெளிவா இருக்குன்னு அர்த்தம். அப்போ பறந்துதான் ஆகணும். ஹெல்லர் முதலில் 18ங்கற எண்ணைத்தான் வெச்சிருந்தார். அதே சமயத்தில் தலைப்பில் 18 வர்ற இன்னொரு நாவல் வந்ததால 22 ஆச்சு.

இதுக்குத் தமிழில் நாம புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். 'பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்'. ஹெல்லர் கதையிலும் பைத்தியம்தான், நம்ம பழமொழியிலும் பைத்தியம்தான். அனுபவம் இருந்தாத்தான் வேலை, வேலை கிடைச்சாத்தான் அனுபவம். இதில் மாட்டிக்கிட்டு நிக்கற எல்லாரும் 'என்கிட்டதான் ஏதோ குறை'ன்னு நினைக்கறாங்க. கேட்ச் 22ங்கற வார்த்தை தெரிஞ்சா, குறை நம்மகிட்ட இல்லை, விதியோட வடிவத்தில் இருக்குன்னு சொல்ல முடியுது. ஒரு நல்ல சொற்றொடர் இதைத்தான் செய்யணும்.

'லெட் ஆஃப் ஸ்டீம்' இதுக்கு நேர் எதிர் வேலை பண்ணுது. நீராவியை வெளியே விடு, அதாவது டென்ஷனைக் குறைச்சுக்கோ. 1679இல் டெனி பாப்பன்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு மூடின பாத்திரத்தைக் காட்டினார். எலும்பைக்கூட மெத்துன்னு வேக வைக்கும். அழுத்தம் ஏறினா வெடிக்காம இருக்க அதுக்கு ஒரு வால்வும் கண்டுபிடிச்சார். நம்ம அடுப்பில் விசில் அடிக்கற குக்கருக்கு அதுதான் பாட்டி. ஆனா விசில் அடிச்சா அடுப்பு அணையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்ஸ், பீட்ஸா, தியான வகுப்புன்னு ஆபீஸ் வெக்கறது எல்லாம் விசில்தான். குக்கர் வெடிக்காம இருக்க அது வேணும், நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா தீயைக் குறைக்கற குமிழ் யார் கையில் இருக்குங்கற கேள்வி அந்தச் சொற்றொடரில் வரவே வராது.

பூச்சியும் குப்பையும்

கம்ப்யூட்டர் உலகத்திலிருந்து ரெண்டு. முதல்ல 'பக்'. தமிழில் எழுதினா சீட்டாட்ட பக்கும் இதுவும் ஒரே மாதிரி தெரியும். அது வேற, இது வேற. இது பூச்சி.

கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே தாமஸ் எடிசன் 1878இல் எழுதின கடிதத்தில், தன் கண்டுபிடிப்புகளில் வர்ற சின்னக் கோளாறுகளை பக்னு சொல்லியிருக்கார். 1947 செப்டம்பர் 9 அன்னைக்கு ஹார்வர்ட் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேக்குள்ள நிஜமாவே ஒரு அந்துப்பூச்சி மாட்டியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி வெச்சாங்க. அந்தப் பக்கம் இன்னைக்கும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கு. அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னவர் கிரேஸ் ஹாப்பர்.

கதை நல்ல கதை. ஆனா எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராங்கற டச்சுக் கணினி விஞ்ஞானிக்கு இந்த வார்த்தையே பிடிக்காது. 1988இல் எழுதின ஒரு கட்டுரையில், இதை பக்னு சொல்லாதீங்க, தப்புன்னு சொல்லுங்கன்னு கேட்டார். பூச்சின்னு சொன்னா, புரோகிராமர் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தப்போ அதுவா ஊர்ந்து உள்ளே வந்த மாதிரி ஆயிடுது. நிஜத்தில் அதை எழுதினது அவரேதான். கோடு எழுதறவங்க கொஞ்சம் நெளிவீங்க, தெரியும். ஆனா மனுஷர் சொல்றது நியாயம்தான். எல்லாத் தப்பையும் சிஸ்டம் மேல தூக்கிப் போடறதும் ஒரு தப்பிப்பு.

ரெண்டாவது 'கார்பேஜ் இன், கார்பேஜ் அவுட்'. குப்பை போட்டா குப்பை வரும். 1950களில் கம்ப்யூட்டரோட சேர்ந்து வளர்ந்த சொற்றொடர். விஷயம் அதைவிடப் பழசு. சார்லஸ் பாபேஜ் 1864இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்றார்: பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ரெண்டு பேர் தனித்தனியா அவர்கிட்ட, உங்க இயந்திரத்தில் தப்பான எண்களைப் போட்டா சரியான விடை வருமான்னு கேட்டிருக்காங்க. எந்த மாதிரிக் குழப்பம் இருந்தா இப்படிக் கேக்கத் தோணும்னு அவருக்குப் புரியவே இல்லையாம்.

சட்டியில் இருந்தாத்தானே அகப்பையில் வரும்னு நாமும் சொல்றோம். சரிதான். ஆனா இந்த வார்த்தையைப் பெரும்பாலும் யார், யார்கிட்ட சொல்றாங்க? சிஸ்டத்தைக் கட்டினவங்க, அதைப் பயன்படுத்தறவங்ககிட்ட. 'நீ தப்பா டைப் பண்ணினே, அதான் தப்பா வந்தது.' பிறந்த தேதி கேக்கற கட்டத்தில் 31 பிப்ரவரின்னு போட்டா, அதை ஏத்துக்கிட்டது யார்? குப்பை போட்டவர் ஒருத்தர். குப்பை விழற மாதிரி வாயைத் திறந்து வெச்சவர் இன்னொருத்தர்.

மர்ஃபி திட்டினது யாரை?

இப்போ எனக்கு இதில் ரொம்பப் பிடிச்ச கதை.

1949. கலிஃபோர்னியா பாலைவனத்தில், இன்னைக்கு எட்வர்ட்ஸ்னு அழைக்கற விமானப்படைத் தளம். திடீர்னு வேகம் குறையறதை மனுஷ உடம்பு எவ்வளவு தாங்கும்னு சோதனை. தண்டவாளத்தில் ராக்கெட் வண்டி. ஜான் பால் ஸ்டாப்ங்கற டாக்டர் தானே அதில் உக்காந்து பறந்தவர். எட்வர்ட் மர்ஃபிங்கற இன்ஜினியர் அளவெடுக்கற சென்சார்களைக் கொண்டுவந்தார். சோதனை முடிஞ்சு பார்த்தா ஒண்ணும் பதிவாகலை. சென்சார்கள் தலைகீழா இணைக்கப்பட்டிருந்தது.

அங்கே நடந்ததைப் பத்திப் பல வடிவங்கள் இருக்கு. அதிகமாச் சொல்ற வடிவத்தில், மர்ஃபி கடுப்பாகி இணைப்பு கொடுத்த உதவியாளரைத் திட்டறார். ஒரு வேலையைத் தப்பாப் பண்ண ஒரு வழி இருந்தா, இவன் அதைக் கண்டுபிடிச்சுடுவான்னு. கவனிங்க, 'இவன்'. சுத்தமான ஹியூமன் எரர் ரிப்போர்ட்.

ஆனா அந்தக் குழு அதை அப்படியே விடலை. 'இவன்'ங்கறதை எடுத்துட்டாங்க. தப்பா நடக்க வழி இருந்தா, அது தப்பா நடக்கும்னு மாத்திக்கிட்டாங்க. பிறகு பத்திரிகையாளர்கள் சந்திப்பில், இவ்வளவு ஆபத்தான சோதனையில் யாருக்கும் பெரிய காயம் இல்லையே எப்படின்னு கேட்டப்போ, மர்ஃபி விதியை மனசில் வெச்சுத்தான் வேலை பண்றோம்னு ஸ்டாப் சொன்னார். தப்பு நடக்கும்னு முன்னாடியே வெச்சுக்கிட்டு, அது நடக்க முடியாத மாதிரி ஏற்பாடு பண்றோம்ங்கறதுதான் அதன் பொருள்.

இன்னைக்கு நாம மர்ஃபிஸ் லான்னு எதைச் சொல்றோம்? குடை எடுத்துட்டுப் போனா மழை வராது, எடுக்கலைன்னா வரும். நம்ம நேரம் சரியில்லைன்னு தலையில் அடிச்சுக்கற வார்த்தை ஆயிடுச்சு. ஆனா அது பிறந்தது விதியை நொந்துக்க இல்லை. தலைகீழா மாட்ட முடியாத பிளக்கைச் செய்யறதுக்காக. உங்க போனில் சிம் கார்டோட ஒரு மூலை வெட்டியிருக்கே, ஏன்? அந்த மூலை இல்லைன்னா நாம எல்லாருமே 'இவன்'தான்.

கொசுவும் குட்டையும்

கடைசியா 'ஸ்விஸ் சீஸ்'. விபத்து விசாரணை, ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு பத்திப் பேசறப்போ இந்த வார்த்தை வரும். இதுக்குப் பின்னாடி இருக்கறவர் ஜேம்ஸ் ரீசன்ங்கற பிரிட்டிஷ் உளவியலாளர். 1990இல் அவர் எழுதின புத்தகத்தோட பேரே 'ஹியூமன் எரர்'. அவரை இந்தப் பக்கம் இழுத்தது ஒரு டீ பாட். ஒரு நாள் டீ போட்டுக்கிட்டிருக்கார், பூனை சாப்பாடு கேட்டுக் கத்துது. மனுஷர் பூனைச் சாப்பாட்டை எடுத்து டீ பாட்டுக்குள்ள போட்டுட்டார். நல்ல புத்திசாலியும் இப்படித் தவறுறானே, இதுக்கு ஒரு வடிவம் இருக்கணுமேன்னு யோசிக்க ஆரம்பிச்சார்.

சீஸ் வேண்டாம், நாம மெதுவடையை எடுத்துக்கலாம். நாலு மெதுவடையை நிமிர்த்தி வரிசையா வைங்க. ஒவ்வொண்ணும் ஒரு பாதுகாப்பு: பயிற்சி, செக்லிஸ்ட், ரெண்டாவது ஆள் சரிபார்க்கறது, ஸ்கிரீனில் வர்ற எச்சரிக்கை. எல்லாத்திலும் ஓட்டை இருக்கும். வடைன்னா ஓட்டை இருக்கத்தானே செய்யும்? பொதுவா ஒரு வடையோட ஓட்டையை அடுத்த வடை மறைச்சுடும். என்னைக்கு நாலு ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வருதோ, அன்னைக்கு விபத்து. கடைசியா பட்டனை அழுத்தின விரல் அந்தக் கோட்டோட முனை மட்டும்தான்.

2000இல் ஒரு மருத்துவ இதழில் ரீசன் இதை இன்னும் எளிமையா விளக்கினார். மனுஷத் தப்பு காரணம் இல்லை, விளைவு. தப்புகள் கொசு மாதிரி, ஒவ்வொண்ணா அடிக்கலாம், ஆனா வந்துக்கிட்டே இருக்கும். குட்டையை வத்த வைக்கணும். கையில் கொசு பேட்டோட தூங்கப் போற நமக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதணும்?

அதுக்காக, எப்பவும் சிஸ்டம்தான் காரணம்னு சொல்லிட்டுப் போயிடலாமா? இல்லை. டைக்ஸ்ட்ராவை மறக்காதீங்க. நான் எழுதின கோடில் தப்புன்னா, 'பக் வந்துடுச்சு' இல்லை, 'தப்பா எழுதிட்டேன்'.

இப்போ எனக்கு நானே கேட்டுக்கற கேள்விகள் மூணு. அந்த இடத்தில் வேற ஒருத்தர் இருந்திருந்தாலும் இதே தப்பு நடந்திருக்குமா? ஆமான்னா, அது ஆளோட கதை இல்லை. அந்த ஏற்பாட்டை மாத்தற அதிகாரம் யார்கிட்ட இருந்தது? அதுதான் ட்ரூமன் பலகை. மூணாவது, என் ரிப்போர்ட்டில் 'உடைஞ்சது'ன்னு எழுதறேனா, 'உடைச்சேன்'னு எழுதறேனா?

இந்த எபிசோட் தயார் பண்றப்போ அந்தப் பழைய சகாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். நான் எழுதின ரெண்டு வார்த்தையையும், நான் ரெண்டு தடவை தப்பிச்சதையும் சொன்னேன். மன்னிப்பு கேட்டேன். பேர் இல்லாம சொல்லிக்கோங்கன்னு அவங்க சம்மதிச்சதாலதான் இதை இங்கே சொல்றேன். பதிலில் முதல் வரியா அவங்க கேட்டது இதுதான்: 'அந்த ஸ்கிரீனை மாத்திட்டாங்களா?'

நான் அங்கே இருந்த வரைக்கும் மாத்தலை. மாத்தணும்னு யாருக்கும் தோணவும் இல்லை. ஏன்னா ரிப்போர்ட்டில் காரணம் ஏற்கெனவே எழுதியாச்சு.

உங்க ஆபீஸில், காலேஜில், வீட்டில் அடுத்த தடவை ஏதாவது உடையறப்போ என்ன வார்த்தை முதலில் வாயில் வருதுன்னு கவனிச்சுப் பாருங்க. வந்ததை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.